அலுவலகத்துக்குப் பக்கத்தில் சின்ன வீடா, தள்ளிப் போய்ப் பெரிய வீடா? எப்படி முடிவு செய்வது?

கேள்வி கேட்டவர் சொல்வது இவ்வளவுதான்: புது வேலை, புது நகரம். அலுவலகத்தை ஒட்டிய பகுதியில் வாடகை கூடுதல், வீடும் சிறியது. தள்ளிப் போனால் ஓர் அறை கூடுதலாகக் கிடைக்கும், வாடகையும் குறையும். 'ஒரு வழிக்கு 20 நிமிடம்தான் அதிகம்' என்கிறார். அந்தத் 'தான்' இருக்கிறதே, அதற்காகத்தான் இந்தப் பதில்.

ஒரு வழிக்கு 20 என்றால் போக வர 40. மாதம் 22 வேலை நாள் என்றால் 14 மணி 40 நிமிடம். ஆண்டுக்கு 240 நாள் வேலைக்குப் போனால் 160 மணி நேரம். எட்டு மணி நேர வேலையாகப் பிரித்தால் முழுதாக 20 நாள். இதுவும் அந்த 20 நிமிடம் சரியாக இருந்தால்தான். பெரும்பாலும் இருக்காது.

வரைபட ஆப் காட்டுவது சாலைப் புள்ளியிலிருந்து சாலைப் புள்ளிக்கு ஆகும் நேரம். நீங்கள் செய்யும் பயணம் வீட்டுக் கதவில் தொடங்கி இருக்கையில் முடிகிறது. லிஃப்டுக்குக் காத்திருப்பது, நெருக்கமாக நிறுத்திய வண்டிகளுக்கு நடுவிலிருந்து உங்கள் வண்டியை எடுப்பது, தெருமுனை சிக்னல், அந்தப் பக்கம் போன பிறகு வண்டி நிறுத்த இடம் தேடுவது, நுழைவாயிலில் அட்டை காட்டுவது, மறுபடியும் லிஃப்ட். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நிமிடம்தான். கூட்டினால் கால் மணி நேரம் வந்துவிடும். இருபது மாடிக்கு இரண்டே லிஃப்ட் உள்ள கட்டடத்தில் காலை எட்டரை மணிக்குப் பதினெட்டாவது மாடியிலிருந்து இறங்க எவ்வளவு நேரமாகும் என்று வீடு பார்க்கப் போகும்போது யாரும் கேட்பதில்லை. கேளுங்கள். நடுவில் தடுப்பு உள்ள சாலையானால் வீடு எந்தப் பக்கம் இருக்கிறது, வண்டி திரும்பும் இடம் எவ்வளவு தூரத்தில் என்பதையும் பாருங்கள். காலையில் இடப்பக்கம் திரும்பி வழுக்கிக்கொண்டு போகும் வீடு, மாலையில் ஒன்றரைக் கிலோமீட்டர் தாண்டிப் போய்த் திரும்பி வர வைக்கும்.

அடுத்தது, இந்தப் பதிலில் ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: சராசரி நாளை வைத்து வீடு பிடிக்காதீர்கள், மோசமான நாளை வைத்துப் பிடியுங்கள். வீட்டைவிட்டு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதை முடிவு செய்வது மோசமான நாள்தான்.

அதை அளக்க அந்தப் பகுதியில் குடியிருக்க வேண்டியதில்லை. மூன்று வாரம், வேலை நாட்களில் மட்டும், நீங்கள் கிளம்பப்போகும் அதே மணிக்கு ஆப்பைத் திறந்து அந்தத் தெருவிலிருந்து அலுவலகத்துக்கு அப்போது எவ்வளவு நேரம் காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மாலைக்கும் தனியாக அப்படியே. 15 எண்கள் கிடைக்கும். சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள். கடைசி எண்ணை விடுங்கள். அன்றைக்கு எங்கோ விபத்தாக இருந்திருக்கலாம். அதற்கு முந்தைய எண்தான் உங்கள் பயண நேரம். ஒரு பகுதியின் சராசரி 44 நிமிடம், அந்த இரண்டாவது பெரிய எண் 58 என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு பகுதிக்குச் சராசரி 48, மோசமான நாளில் 52. முதல் பகுதிதான் பக்கம் என்று தோன்றும். ஆனால் நேரம் தவறக்கூடாத வேலையில் இருப்பவர் இரண்டாவது பகுதியிலிருந்து தினமும் ஆறு நிமிடம் தாமதமாகக் கிளம்பலாம். வருகை நேரம் தளர்வாக உள்ள வேலையென்றால் சராசரியே போதும், முதல் பகுதியையே எடுங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. 9:31க்குக் கைரேகை வைத்தால் அரை நாள் சம்பளத்தை வெட்டும் நிறுவனங்கள், மாலை ஏழே முக்காலுக்குக் கிளம்பியவரின் கணக்கை எந்த இயந்திரத்திலும் ஏற்றுவதில்லை. ஒரு நிமிடத் தாமதத்துக்குப் பயந்து ஊரே ஒரே நேரத்தில் சாலையில் இறங்குகிறது. அரை மணி நேரத் தளர்வு கொடுத்தால் நிறுவனத்துக்கு ஒரு காசு செலவில்லை. சரி, கேட்டது இதுவல்ல.

ஆனாலும் தொடர்பு உண்டு. நெரிசல் படிப்படியாகக் கூடுவதில்லை. சாலைத் திட்டமிடுபவர்கள் இன்றும் பயன்படுத்தும் ஒரு சூத்திரம் அமெரிக்கப் பொதுச் சாலைகள் பணியகம் 1964இல் கொடுத்தது. அதன்படி தாமதம், சாலையில் வரும் வண்டிகளின் அளவுக்கு நான்காம் அடுக்கில் ஏறுகிறது. வண்டிகள் 20 சதவீதம் கூடினால் தாமதம் இரண்டு மடங்குக்குச் சற்று மேல். பள்ளி திறந்த அன்று அதே சாலை வேறு சாலையாகத் தெரிவதன் காரணம் இதுதான். எனவே விடுமுறை மாதத்தில் எடுத்த அளவு உதவாது. ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் போகும்போது ஆன நேரம் எதற்குமே உதவாது. கிளம்பும் நேரத்தை 25 நிமிடம் முன்னே தள்ள முடியுமா என்று பாருங்கள். முடியுமானால் அந்த நேரத்துக்குத் தனியாக 15 எண்கள் எடுங்கள்.

பஸ், ரயிலில் போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. '10 நிமிடத்துக்கு ஒரு பஸ்' என்றால் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம் என்று நினைப்போம். பஸ்கள் சீராக வந்தால்தான் அப்படி. ஒன்றன் பின்னால் ஒன்றாக, 2 நிமிடம், 18 நிமிடம், மறுபடி 2, மறுபடி 18 என்று வந்தாலும் அட்டவணையில் அதே '10 நிமிடத்துக்கு ஒன்று'தான். நீங்கள் நிறுத்தத்துக்கு வருவது நீண்ட இடைவெளிக்குள் விழவே வாய்ப்பு அதிகம் என்பதால் காத்திருப்பு சராசரியாக 8 நிமிடத்தைத் தாண்டும். ஆகவே எத்தனை பஸ் என்று கேட்காதீர்கள். ஒரு காலை நிறுத்தத்தில் நாற்பது நிமிடம் நின்று, எந்தெந்த மணிக்கு வந்தது, ஏற இடமிருந்ததா என்று எழுதுங்கள்.

மாறி ஏறும் பயணத்தில் ஆபத்து இரண்டாவது வண்டியில் இருக்கிறது. முதல் பஸ் நான்கு நிமிடம் தாமதமானால் போவது நான்கு நிமிடமல்ல. இரண்டாவது ரயில் 20 நிமிடத்துக்கு ஒன்று என்றால் 20 நிமிடம். திட்டமிடுபவர்கள் நடக்கும் நேரத்தையும் காத்திருக்கும் நேரத்தையும் உட்கார்ந்து போகும் நேரத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்காக எடைபோடுவது வழக்கம். உடம்பும் அப்படித்தான் எடைபோடுகிறது. ஒரே ரயிலில் உட்கார்ந்து 50 நிமிடம் போவதை, இரண்டு மாறி நின்றுகொண்டு போகும் 38 நிமிடத்துக்கு மேலாகவே வையுங்கள். உட்கார இடம் வேண்டுமானால் வழித்தடம் தொடங்கும் நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு பாருங்கள். நடுவில் உள்ள நிலையங்கள் அலுவலகத்துக்கு அருகில்தான், வாடகையும் கூடுதல்தான். வண்டி வரும்போதே கதவு வரை ஆட்கள் நிற்பார்கள்.

சொந்த வண்டியென்றால் திசையையும் பாருங்கள். அலுவலகத்துக்கு மேற்கே வீடு இருந்தால் காலையிலும் கண்ணில் வெயில், மாலையிலும் கண்ணில் வெயில். கிழக்கே இருந்தால் இரண்டு வேளையும் சூரியன் முதுகுக்குப் பின்னால். அலுவலகம் ஊர் எல்லையில் இருந்தால் ஊருக்குள் குடியிருந்து கூட்டத்துக்கு எதிர்த்திசையில் போவது அருமையான வசதி. அதோடு, வெளியேற ஒரே பாலம், ஒரே ரயில்வே கேட், ஒரே சுரங்கப்பாதை உள்ள பகுதியைக் கூடுமானவரை தவிர்த்துவிடுங்கள். அது ஒரு நாள் அடைபட்டால் 58 நிமிடமெல்லாம் கணக்கிலேயே வராது. இரண்டு வழி, முடிந்தால் இரண்டு விதமான வண்டி: பஸ் நின்றால் ரயில், ரயில் நின்றால் பஸ்.

இனிப் பணம். சம்பளத்தை 100 பங்காக வையுங்கள். பக்கத்து வீட்டின் வாடகை 28, தள்ளியுள்ளது 20. மிச்சம் 8. பயணச் செலவு 3 கூடுகிறது, ஆக மிச்சம் 5. அதற்கு நீங்கள் கொடுப்பது 14 மணி 40 நிமிடம். மணிக்கு 0.34 பங்கு. மாதம் 176 மணி நேரம் வேலை பார்த்து 100 பங்கு வாங்குகிறவருக்கு மணிக்கூலி 0.57. ஆக அந்தத் தொலைவு உங்கள் மணிக்கூலியில் 60 சதவீதம் கொடுத்து உங்களை வண்டியில் உட்கார வைக்கிறது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை தன் திட்டங்களை மதிப்பிடும்போது உள்ளூர்ச் சொந்தப் பயண நேரத்துக்கு மணி வருமானத்தில் பாதியை மதிப்பாக வைக்கிறது. அந்த அளவுகோலில் இது தேறும், ஆனால் சிரமப்பட்டுத் தேறும். வாரம் மூன்று நாள் மட்டும் அலுவலகம் போகிறவருக்கு மாதம் 13 நாள், 8 மணி 40 நிமிடம். பயணச் செலவும் குறைவதால் மணிக்கூலியைவிடவே அதிகம் கிடைக்கும், யோசிக்காமல் தள்ளிப் போகலாம். கணவன் மனைவி இருவரும் தினமும் போகிறவர்கள், இருவருக்கும் அதே 20 நிமிடம் கூடுகிறதென்றால் மிச்சம் 2 பங்கு, நேரம் 29 மணி 20 நிமிடம். மணிக்கூலியில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. பக்கத்திலேயே இருங்கள்.

பயணச் செலவு என்று பெட்ரோலை மட்டும் எழுதாதீர்கள். டயர், சர்வீஸ், காப்பீடு, வண்டியின் விலை ஆண்டுதோறும் இறங்குவது எல்லாம் அதில் உண்டு. தள்ளிப் போனதால் வீட்டுக்கு இரண்டாவது வண்டி வாங்க வேண்டி வந்தால் வாடகையில் மிச்சம் பிடித்ததை அதுவே விழுங்கிவிடும்.

'கணக்குப் போட்டா வீடு பிடிப்பார்கள், மனசுக்குப் பிடிக்க வேண்டாமா' என்று கேட்க வருகிறவர்களுக்கு: தாராளமாகப் பிடிக்கட்டும். ஆனால் மனசு இதில் ஏமாறுகிறது. ஸ்டுட்சர், ஃப்ரை என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஜெர்மனியின் குடும்ப ஆய்வுத் தரவுகளை வைத்து 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நீண்ட பயணம் போகிறவர்கள் அதற்கு ஈடாக நல்ல வீடோ நல்ல சம்பளமோ பெற்று மற்றவர்களைப் போலவே நிறைவாக இருக்க வேண்டும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. தரவு அப்படிச் சொல்லவில்லை. பயணம் நீள நீள வாழ்க்கை நிறைவு குறைந்தே இருந்தது. கூடுதல் அறை ஒரு மாதத்தில் பழகிவிடும். நெரிசல் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாக வருவதால் பழகுவதே இல்லை.

'இதெல்லாம் வசதியுள்ளவர்கள் பேச்சு, கிடைத்த இடத்தில்தானே இருக்க முடியும்' என்பார்கள். உண்மை. கையில் இரண்டு பகுதிகள் இருப்பவர் கேட்ட கேள்விக்குத்தான் இந்தப் பதில்.

இருவர் வேலைக்குப் போகும் வீட்டில் வரைபடத்தில் நடுப்புள்ளி பார்ப்பது தவறு. குழந்தையைப் பள்ளியில் விட்டுக் கூட்டிவருகிறவர் யார், யாருடைய வேலை நேரம் தளராது என்று பார்த்து அவருக்குப் பக்கமாகப் போங்கள். பள்ளி வழியில் இல்லாமல் ஒதுங்கி இருந்தால் பயணம் முக்கோணமாகிவிடும். அந்த மூன்றாவது பக்கத்தையும் 15 நாள் அளவில் சேருங்கள்.

பகுதியைப் பார்க்க இரண்டு முறை போங்கள்: ஒரு வேலை நாள் காலை, ஒரு வேலை நாள் இரவு பத்து மணிக்குமேல். இரவில் நிறுத்தத்திலிருந்து வீடு வரை நடந்தே போங்கள். எந்த விளக்கு எரியவில்லை, எங்கே நடைபாதை முடிகிறது என்பது தெரிந்துவிடும். 'நிலையத்திலிருந்து கூப்பிடு தூரம்' என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். யார் கூப்பிட்டு யாருக்குக் கேட்டது என்று தெரியவில்லை. சாதாரண நடைக்கு நிமிடத்துக்கு 80 மீட்டர். 5 நிமிடம் என்று சொன்னால் 400 மீட்டர் இருக்க வேண்டும். காக்கை பறக்கும் தூரத்தில் அல்ல, சுற்றுச்சுவரைச் சுற்றிக்கொண்டு போகும் தூரத்தில். தரைத்தளச் சுவர்களில் ஒரே மட்டத்தில் ஓடும் கறைக் கோடு தெரிகிறதா, வாசற்படிகள் புதிதாக உயர்த்தப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். மழைநீர் எதுவரை ஏறியது என்று அவை சொல்லும். படுக்கை அறைச் சன்னலைத் திறந்து பத்து நிமிடம் நில்லுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2018இல் சாலை இரைச்சலுக்குப் பரிந்துரைத்த வரம்பு இரவில் சராசரி 45 டெசிபல். கைப்பேசி துல்லியமாக அளக்காது, ஆனால் இரண்டு வீடுகளை ஒப்பிட அது போதும்.

'விரைவில் மெட்ரோ வருகிறது' என்பதற்காக இன்றைக்கே கூடுதல் வாடகை கொடுக்காதீர்கள். ஓடாத ரயிலின் பயண நேரத்தை அளக்க முடியாது. அதைக் கட்டும் ஆண்டுகளில் சாலை பாதியாகக் குறுகும். அலுவலகமும் இடம் மாறலாம், நீங்களும் வேலை மாறலாம். அதனால் முதல் ஒப்பந்தத்தைக் குறுகிய காலத்துக்குப் போடுங்கள். எத்தனை மாதம் கட்டாயமாக இருக்க வேண்டும், எவ்வளவு நாள் முன்னால் சொன்னால் காலி செய்யலாம், முன்பணத்தில் எதைப் பிடிப்பார்கள் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிவிட்டுச் சாவியை வாங்குங்கள்.