கல்லை அழுத்தாதீர்கள்

கேள்வி: தினமும் இரவில் குவாஷா என்கிற தட்டையான, வழவழப்பான கல்லால் முகத்துக்கு மசாஜ் செய்கிறேன். பத்தே நாளில் தாடை ஓரத்தில் சிவப்புக் கோடுகளும் சின்னச் சின்னப் புள்ளிகளும் வந்துவிட்டன. 'சிவந்தால்தான் நச்சு வெளியேறுகிறது' என்கிறாள் தோழி. தொடரலாமா? தாடை கூர்மையாகுமா?

பதில்: முதலில் கல்லை எடுத்து வைத்துவிடுங்கள். தோல் முழுக்க ஆறட்டும், அப்புறம் பார்க்கலாம்.

தோழி சொன்னது எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. சீன மொழியில் 'குவா' என்றால் சுரண்டுவது. 'ஷா' என்பது அப்படிச் சுரண்டும்போது மணல் தூவியதுபோல் தோலில் எழும் செம்புள்ளி. சீன மரபு மருத்துவத்தில் எருமைக் கொம்பு, பீங்கான் கரண்டி, காசு போன்ற மழுங்கிய விளிம்புகளால் முதுகிலும் தோளிலும் தேய்த்து, அதை வேண்டுமென்றே வரவழைப்பார்கள். ஆனால் அந்தப் புள்ளி நச்சு இல்லை. நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசிந்து தோலுக்கடியில் நிற்கும் ரத்தம். முதுகு அதைத் தாங்கும். முகத்தில் அது வரவே கூடாது.

என்னிடம் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் கண்ணை மூடி, இமைமேல் விரலை வைக்கச் சொல்வேன். யாருமே அங்கே அழுத்த மாட்டார்கள். அந்த அளவுதான் கல்லுக்கும். முகவீக்கத்துக்குக் காரணமான நீரைக் கொண்டுபோகும் நிணநீர்க் குழாய்கள் தோலுக்குச் சற்றுக் கீழேயே இருக்கின்றன. அழுத்தினால் அவை நசுங்கிவிடும், நீர் நகராது.

கழுத்திலிருந்து தொடங்குங்கள். காதுக்குக் கீழிருந்து காறை எலும்பு வரை நாலைந்து முறை கீழ்நோக்கி வருடுங்கள். வடிகாலைத் திறக்காமல் மேலேயிருந்து தள்ளிப் பயனில்லை. பிறகு முகத்தில் எண்ணெய் தடவி, ஒரு கையால் மோவாயைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கல்லைத் தாடை ஓரமாகக் காதுவரை இழுங்கள். கல் கன்னத்தில் கிட்டத்தட்டப் படுத்திருக்க வேண்டும், 15 டிகிரி சாய்வு போதும். நீங்கள் நிமிர்த்திப் பிடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கோடு விழுவது பெரும்பாலும் அதனால்தான். எண்ணெய் காய்ந்து கல் இழுபட்டால் உடனே நிறுத்திவிடுங்கள்.

தாடை விஷயத்தில் உங்களுக்குப் பொய் நம்பிக்கை தர மனமில்லை. எலும்பும் கொழுப்பும் மாறாது. வீக்கம் வடிவதால் சில மணி நேரம் தாடைக்கோடு தெளிவாகத் தெரியும். படுத்து எழும்போதுதான் முகத்தில் நீர் தேங்கியிருக்கும் என்பதால், இரவைவிடக் காலையில் செய்வது நல்லது. பல்லைக் கடிக்கும் பழக்கம் இருந்தால் இன்னொரு பலனும் உண்டு. அப்படி ஒருவருக்குக் காதுக்கு முன்னால் கல்லை வைத்தபோது, தசை கயிறுபோல் முறுக்கியிருந்தது கைக்கே தெரிந்தது. அந்த இடத்திலேயே மெதுவாக அசைத்தேன். சிறிது நேரத்தில் அவர் வாயை அகலமாகத் திறந்து பார்த்து, "லேசா இருக்கு" என்றார். இப்படிப்பட்டவர்களுக்குத்தான் இதை மனதாரச் சொல்வேன்.

சீழ் வைத்த பரு, வெயில் பட்ட எரிச்சல் இருந்தால் வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும், முகத்தில் ஃபில்லர், போடாக்ஸ் போன்ற அழகு ஊசிகள் போட்டவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

கேள்வி: ஜேட் கல்தான் வேண்டுமா? ரோஸ் குவார்ட்ஸ் போதாதா?

பதில்: தாராளமாகப் போதும். குளிர்ச்சியும் வழவழப்பும் இரண்டிலும் உண்டு. விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், எங்காவது தட்டினால் அந்தக் கல் முகத்துக்கு ஆகாது. ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து வையுங்கள்.