குடியை நிறுத்த மீட்டிங் போகலாமான்னு யோசிக்கிறவங்களுக்கு, கேள்வி பதில்

நான் குடியை விட்டு 11 வருஷம் ஆச்சு, ஏஏ, அதாவது குடியை விட நினைக்கிறவங்க ஒண்ணா கூடிப் பேசற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதோட மீட்டிங்க இன்னும் விடல. நான் டாக்டர் இல்ல, அந்த நாற்காலியில உக்காந்தவன், அவ்வளவுதான். எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன், கேளுங்க.

அண்ணா, மீட்டிங் எங்க நடக்குதுன்னு எப்படி கண்டுபிடிக்கிறது? யார்கிட்டயும் கேக்க வெக்கமா இருக்கு.

தெரிஞ்சவங்க யாரையும் கேக்க வேண்டாம் தம்பி. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் வெப்சைட்ல தேடுனா பக்கத்துல இருக்கற குரூப்போட நேரம், இடம், போன் நம்பர் கிடைக்கும். ஆனா லிஸ்ட்ட மட்டும் நம்பி கிளம்பிடாதீங்க, இடம் மாறியிருக்கும் நேரம் மாறியிருக்கும், பூட்டின கதவ பாத்துட்டு திரும்பி வர்ற வழியில நேரா கடைக்குப் போனவங்கள எனக்குத் தெரியும். ஒரு போன் போட்டுட்டுப் போங்க. எடுக்கறவரும் பெரும்பாலும் குடியை விட்டவராத்தான் இருப்பார், பேர் கூட சொல்ல வேண்டாம். ஓப்பன் மீட்டிங்கா குளோஸ்டு மீட்டிங்கான்னு மட்டும் கேட்டுக்கோங்க. ஓப்பன்னா குடும்பத்துக்காரங்க, நண்பர்கள் யாரும் வரலாம், குளோஸ்டுன்னா குடியை விட நினைக்கிறவங்க மட்டும். வெளிய போக பயமா இருந்தா ஆன்லைன் மீட்டிங் இருக்கு, கேமராவ அணைச்சுட்டு சும்மா கேளுங்க.

உள்ள போனதும் எந்திரிச்சு பேச சொல்லுவாங்களா?

கட்டாயம் கிடையாது. ஒருத்தர் நடத்துவார், ஏதாவது படிப்பாங்க, அப்புறம் ஒவ்வொருத்தரா அவங்க கதைய சொல்லுவாங்க. நடுவுல யாரும் குறுக்க பேச மாட்டாங்க, அட்வைஸும் பண்ண மாட்டாங்க. உங்க முறை வந்தா "நான் இன்னைக்கு கேக்க மட்டும் வந்தேன்"னு சொன்னா போதும்.

நான் முதல் நாள் கதவு பக்கத்து நாற்காலியில உக்காந்தேன், எப்ப வேணா ஓடிடலாம்னு. பெரியவர் ஒருத்தர் வந்து டம்ளர்ல தண்ணி குடுத்தார், பாதி டம்ளர்தான் இருந்துச்சு. எனக்கு ஏன் பாதின்னு புரியல, கையில வாங்குனப்புறம்தான் புரிஞ்சுது, முழுசா ஊத்தியிருந்தா என் கை நடுக்கத்துல சட்டையெல்லாம் கொட்டியிருக்கும். அவருக்கு அது தெரிஞ்சிருக்கு. அவர் அத பத்தி ஒரு வார்த்தை பேசல. நான் அடுத்த வாரமும் போனேன்னா அந்த பாதி டம்ளருக்காகத்தான்.

எவ்வளவு கட்டணும்?

ஒண்ணும் கட்ட வேண்டாம். கடைசியில ஒரு பை சுத்தி வரும், இருக்கறவங்க போடுவாங்க, புதுசா வந்தவங்க போடணும்னு யாரும் எதிர்பார்க்க மாட்டாங்க.

15 வருஷமா தினமும் குடிக்கிறேன், காலையில குடிச்சாத்தான் கை நடுக்கம் நிக்குது. நாளைக்கே நிறுத்திட்டு மீட்டிங் போகலாம்னு இருக்கேன்.

இல்லங்க, முதல்ல டாக்டர். தயவுசெஞ்சு இத மட்டும் கேளுங்க. உங்க அளவுக்கு உடம்பு பழகிட்டா திடீர்னு நிறுத்தும்போது ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம், ரெண்டு மூணு நாள்ல இல்லாத ஆளுங்க தெரியறது, புத்தி குழம்பறதுன்னு ஆகலாம், உயிருக்கே ஆபத்து. டாக்டர்கிட்ட எவ்வளவு குடிக்கிறீங்கன்னு குறைக்காம சொல்லுங்க, அவங்க மருந்து குடுத்து பக்குவமா இறக்குவாங்க. அதுக்கு நடுவுலயே மீட்டிங்கும் போகலாம்.

டாக்டர் குடுத்த மாத்திரைய நிறுத்த சொல்லி குரூப்ல ஒருத்தர் சொல்றார்.

நிறுத்தாதீங்க. மெம்பர் யாரும் டாக்டர் வேலை பாக்கக் கூடாதுன்னு ஏஏவே சொல்லுது.

எனக்கு கடவுள் நம்பிக்கை இல்ல சார். செட் ஆகுமா?

குடியை விட ஏஏ சொல்ற வழிமுறையான 12 படிகள்ல கடவுள்னு வார்த்தை வருது, மறைக்கல. ஆனா அவரவர் புரிஞ்சுக்கிட்டபடின்னுதான் அதுல இருக்கு, குரூப்பையே தன்ன விட பெரிய சக்தின்னு எடுத்துக்கிட்டு பல வருஷம் குடிக்காம இருக்கறவங்க உண்டு. சேர்றதுக்கு ஒரே தகுதி, குடியை விடணும்ங்கற ஆசை. அதுவும் ஒத்து வரலன்னா 1994ல ஆரம்பிச்ச ஸ்மார்ட் ரெக்கவரி இருக்கு, அதுல கடவுள் பேச்சே கிடையாது, மனசையும் பழக்கத்தையும் கையாள்ற பயிற்சிதான். இன்னொண்ணு, ஒரு குரூப் பிடிக்கலன்னா வேற குரூப் பாருங்க, ஒண்ணுக்கொண்ணு ரொம்ப வித்தியாசமா இருக்கும்.

என் வீட்டுக்காரர் வரவே மாட்டேங்கறார். நான் என்ன பண்றது?

நீங்க போங்கம்மா, உங்களுக்காக. குடிக்கிறவங்களோட குடும்பத்துக்குன்னே 1951லேர்ந்து அல்-அனான் இருக்கு, டீனேஜ் பசங்களுக்கு அலட்டீன். அவர் பாட்டில ஒளிச்சு வைக்கிறது, அவருக்காக ஆபீஸுக்கு பொய் சொல்றதுன்னு நீங்க தனியா சுமக்கறத அங்க இறக்கி வைக்கலாம். அவர் திருந்துவாரான்னு என்னால உறுதி சொல்ல முடியாது, ஆனா நீங்க ராத்திரி தூங்கணும், அதுவும் முக்கியம்.

5 மாசம் சுத்தமா இருந்தேன், நேத்து குடிச்சுட்டேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு போறது?

இதே மூஞ்சியோட போங்க. ஏஏவ ஆரம்பிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தரான டாக்டர் பாப், இன்னொருத்தரான பில்ல சந்திச்சு குடியை நிறுத்துனவர், சில வாரத்துலயே ஒரு மாநாட்டுக்குப் போன இடத்துல திரும்ப குடிச்சுட்டார். அப்புறம் அவர் கடைசியா குடிச்ச நாள் 1935 ஜூன் 10, அந்த நாளத்தான் ஏஏ பிறந்த நாளா எண்ணுறாங்க. நானும் 7 மாசத்துல ஒரு தடவ விழுந்தேன், ரெண்டு நாள் மீட்டிங் வாசல் வரைக்கும் போய் திரும்பி வந்தேன், மூணாவது நாள் உள்ள போனப்போ எனக்கு பக்கத்து நாற்காலிய இழுத்து போட்டாங்க, ஏன்னு யாரும் கேக்கல. உங்க ஸ்பான்சர், அதான் உங்களுக்கு வழிகாட்டற பழைய மெம்பர், அவர் நம்பர் இருக்குல்ல, இத படிச்சு முடிச்சதும் போன் போடுங்க, என்ன பேசறதுன்னு தெரியலன்னா "நேத்து குடிச்சுட்டேன்"னு மட்டும் சொல்லுங்க, மிச்சத்த அவர் கேப்பார்.