தொழில்நெறி வழிகாட்டியாகப் பணியாற்ற உளவியல் பட்டம் போதுமா?

பட்டம் பெரிதும் உதவும். ஆனால் அது மட்டும் போதாது. 1908இல் பாஸ்டன் நகரில் இதற்கெனத் தனி அலுவலகம் தொடங்கிய ஃபிராங்க் பார்சன்ஸ், தன்னை அறிதல், தொழிலை அறிதல், இரண்டையும் பொருத்திச் சிந்தித்தல் என்று வகுத்த மூன்றில், நம் ஊரில் பலரும் இடறுவது இரண்டாவதில்தான். பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஐடிஐயில் 2 ஆண்டு ஃபிட்டர் படித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பதும், டிப்ளமோ முடித்தவர் அதேபோலப் பொறியியலில் இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம் என்பதும் வழிகாட்டிக்கு விரல்நுனியில் இருக்க வேண்டும். எந்தத் துறையில் ஈடுபாடு என்று கேள்விகள் மூலம் அளக்கும் ஆர்வத் தேர்வில் கிடைத்த மதிப்பெண்ணை மட்டும் வைத்து, ‘உனக்கு இதுதான் பொருத்தம்’ என்று தீர்ப்புச் சொல்வதை நான் ஏற்பதில்லை. அது ஏறக்குறைய ஜோசியம்.

கடினமான பகுதி வேறு. மாணவியிடம் கேட்ட கேள்விக்கு அருகில் அமர்ந்திருக்கும் தந்தை பதில் சொல்லத் தொடங்குவார். அவர் முகம் வாடாதபடி, ‘ஐயா, பாப்பா முதலில் சொல்லட்டும், அடுத்து உங்களிடம்தான் கேட்கப் போகிறேன்’ என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் வாய் திறக்கும்வரை பொறுமையாகக் காத்திருக்கத் தெரிய வேண்டும். இதைப் பழக, உங்கள் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தை அணுகி, அங்கு ஆலோசனை நடக்கும் விதத்தைக் கவனிக்க அனுமதி கேட்டுப் பாருங்கள்.