டர்போவை மாற்றுவதற்கு முன்

தம்பி, இங்கு வந்த சில மாதங்களில் நீங்கள் வாங்கிய பழைய டர்போ டீசல் கார் மேட்டில் இழுக்க மறுக்கிறது, நிறுத்தி மறுபடி கிளப்பினால் சிறிது தூரம் ஒழுங்காக ஓடுகிறது, பணிமனையிலோ எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவையே மாற்ற வேண்டும் என்கிறார்கள், சம்மதிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்குச் சம்மதிக்க வேண்டாம்.

வந்த புதிதில் இதே பேச்சுக்குத் தலையாட்டியவன் நான். மொழி சரியாகப் பிடிபடாத நாட்களில், மெக்கானிக்கிடம் ஏன் என்று கேட்கவே கூச்சமாக இருந்தது. புது டர்போ பொருத்திய பின்னும் வண்டி பழையபடியே முனகியது. டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயின் அடிப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு இருந்ததைப் பிறகுதான் கண்டுபிடித்தோம். சும்மா பார்த்தால் அது தெரியாது. குழாயைக் கையால் மடக்கியபோதுதான் வாய் திறந்தது. அதைச் சுற்றி மட்டும் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டிக் கருத்திருந்தது.

மறுபடி கிளப்பினால் சரியாகிறது என்று நீங்கள் சொல்வது நல்ல தடயம். எஞ்சினின் கணினி தான் கேட்ட காற்றழுத்தத்தையும் உண்மையில் கிடைத்த அழுத்தத்தையும் ஒப்பிட்டு, வேறுபாடு மிகும்போது எஞ்சினைக் காப்பதற்காகச் சக்தியைக் குறைத்துவிடும். இதை லிம்ப் மோட் என்பார்கள். வண்டியை நிறுத்தி மறுபடி கிளப்பினால் பெரும்பாலும் அது தற்காலிகமாக நீங்கிவிடும். ஆகவே அந்தக் கணினி பதிந்து வைத்த பிழைகளைக் காட்டும் ஓபிடி கருவியைச் செருகிப் பிழைக் குறியீட்டை முதலில் படியுங்கள். பி0299 என்றால் அழுத்தம் போதவில்லை, பி0234 என்றால் அழுத்தம் அளவு மீறுகிறது என்று பொருள். இரண்டும் எதிரெதிர் நோய்கள். பின்னதற்குக் குழாய் வெடிப்பைத் தேடிப் பயனில்லை. டர்போவின் உள்ளே அசையும் இதழ்கள் கரி படிந்து சிக்கியிருக்கலாம், அல்லது அவற்றை இயக்கும் ஆக்சுவேட்டரில் கோளாறு இருக்கலாம்.

பி0299 வந்தால், எஞ்சின் ஆறிய பிறகு ஒவ்வொரு குழாயையும் கிளாம்பையும் தடவிப் பாருங்கள். குழாயின் உட்புறத்தில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது பெரும்பாலும் இயல்பே; வெளிப்புறத்தில் கசிந்திருந்தால்தான் சந்தேகிக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது சீறும் ஓசையும் கரும்புகையும் சேர்ந்து வந்தால், அளந்து உள்ளே விட்ட காற்று வழியிலேயே தப்புகிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். ஆக்சுவேட்டரை வெற்றிடத்தால் இயக்கும், பென்சில் பருமன்கூட இல்லாத வேக்யூம் குழாய்கள் இருந்தால் அவற்றையும் விட்டுவிடாதீர்கள். பழைய வண்டியில் அவை காய்ந்து விரிசல் விட்டிருக்கும். கண்ணுக்கு எதுவும் அகப்படாவிட்டால், பணிமனையில் புகை செலுத்திக் கசிவைக் கண்டறியும் சோதனையைக் கேளுங்கள். மணிக்கணக்கில் கூலி வாங்குகிறார்கள் என்றாலும், அந்தச் செலவு டர்போவின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

கசிவே இல்லையென்றால், அழுக்கேறிய காற்றளவு சென்சார், அடைத்த டீசல் ஃபில்டர், கரி அடைத்த புகைபோக்கி வடிகட்டி ஆகியவற்றைப் பார்த்துவிட்டு டர்போவுக்கு வாருங்கள். அதன் தண்டைப் பக்கவாட்டில் அசைத்தால் இம்மியளவு ஆட்டம் இருப்பது இயல்பு. முன்னும் பின்னும் நகர்ந்தாலோ, இறக்கைகள் உறையில் உரசிய தடம் இருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். நிமிடத்துக்கு 1,00,000 சுற்றுகளுக்கு மேல் சுழலக்கூடிய அந்தத் தண்டு எண்ணெய்ப் படலத்தின் மீதுதான் நிற்கிறது. ஆகவே எண்ணெய் வரும் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்காமல் புதியதைப் பொருத்த விடாதீர்கள்.