அப்பாவின் மாலை நடை குறித்து

வணக்கம் சகோதரி. நீரிழிவுள்ள உங்கள் அப்பா, மருத்துவர் சொல்லியும் நீங்கள் தினமும் நினைவூட்டியும் மாலை நடைக்குப் போக மறுக்கிறார், வற்புறுத்தினால் கோபப்படுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அதே மனிதர் தைப்பூசக் காவடிக்கான பத்து நாள் விரதத்தை யாரும் சொல்லாமலே கடைப்பிடிக்கிறார் என்றும் ஒரு வரி இருந்தது. விடை அந்த வரியில்தான் இருப்பதாக எனக்குப் படுகிறது.

உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் வளர்த்தெடுத்த சுயநிர்ணயக் கோட்பாடு, ஊக்கம் எவ்வளவு என்பதைவிட அது எத்தகையது என்பதையே முதன்மையாகக் கேட்கிறது. தானே தேர்ந்தெடுத்தோம், தன்னால் முடியும், உடன் மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற மூன்று உணர்வுகளும் கிடைக்கும் செயலே நிலைக்கும் என்பது அதன் சாரம். காவடி விரதத்தில் மூன்றும் இருக்கின்றன. நடையிலோ முதலாவதே இல்லை, ஏனெனில் அது உங்கள் கட்டளையாகிவிட்டது. நீங்கள் அன்பினால்தான் சொல்கிறீர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆகவே ஒரு வாரம் நினைவூட்டுவதை நிறுத்திவிட்டு, "உடம்பு நன்றாக இருந்தால் என்ன செய்ய ஆசை, அப்பா?" என்று மட்டும் கேளுங்கள். மொரீஷியஸின் காத்ர் போர்ன் நகரில் கோர்-தெ-கார்ட் மலைக் கோயிலுக்கு மீண்டும் ஏற வேண்டும் என்று அவர் சொன்னால், அந்தக் காரணம் அவருடையது. நேரத்தையும் அவரே வகுக்கட்டும்: உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டுவதுபோல், "மாலைத் தேநீர் குடித்ததும் காலணியை மாட்டுவேன்" என்று ஒரு தருணத்தோடு கட்டிய திட்டம், "இனி நடப்பேன்" என்ற பொதுவான உறுதியைவிட நன்றாகப் பலிக்கிறது. தொடக்கத்தில் பத்து நிமிடம் போதும். நீங்களும் உடன் நடங்கள், சர்க்கரை அளவைப் பற்றிப் பேசாமல்.