தூரிகைப் பதில்கள்: விண்கலத்துக்கு ஓர் ஏணி

விண்கலம் வரைவது பற்றிக் கேளுங்கள் என்று சென்ற இதழில் சொன்னாலும் சொன்னேன், கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிக்குப் பாதி ‘எந்த கம்பெனி பெயின்ட் நல்லது?’ என்ற கேள்விதான். அதைக் கடைக்காரர் என்னைவிட நன்றாகச் சொல்வார். மீதியில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

எவ்வளவு நுணுக்கமாக வரைந்தாலும் என் விண்கலம் பொம்மை மாதிரியே இருக்கிறது. குழாய், ஜன்னல், ஆன்டெனா எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். பிரம்மாண்டம் மட்டும் வரவில்லை. படத்தை இணைத்திருக்கிறேன்.
— கல்லூரி மாணவர், மணலி

தம்பி, மணலியில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? உங்கள் ஊர் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையைச் சாலையில் நின்றபடியே ஒரு நிமிடம் பாருங்கள். அந்தக் கோபுரங்கள் உயரமானவை என்று உங்களுக்கு எது சொல்கிறது? அவற்றின் முதுகில் ஒட்டிக்கொண்டு ஏறும் இரும்பு ஏணி. ஏணியைச் சுற்றிய கம்பிக் கூண்டு. நடுநடுவே கைப்பிடிக் கம்பி போட்ட மேடை. ஏணியின் இரண்டு படிக்கு நடுவே ஓர் அடி இருக்கும், கைப்பிடி இடுப்பளவு இருக்கும் என்பது யாரும் சொல்லித் தராமலே நமக்குத் தெரியும். அந்த அளவை வைத்து மீதியைக் கண் தானாகவே கணக்குப் போட்டுக்கொள்ளும்.

உங்கள் படத்தில் கலத்தின் மொத்த நீளத்துக்கும் சேர்த்துப் பத்து ஜன்னல்தான் இருக்கிறது. ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவு. அப்புறம் அது மாநகரப் பேருந்து அளவுக்கு மேல் எப்படித் தெரியும்? அவுட்லைனைத் தொடவே வேண்டாம். ஜன்னல்களை அழித்துவிட்டு, அதே இடத்தில் ஊசிமுனைப் புள்ளிகளாக இரண்டு மூன்று வரிசை வையுங்கள். ஏதாவது ஒரு மூலையில் ஒரு கதவு, அதன் அருகே ஓர் ஏணி. கலம் துறைமுகத்தில் நிற்கும் கப்பல் அளவுக்கு வளர்ந்துவிடும்.

இன்னொன்று. நுணுக்கத்தை எல்லா இடத்திலும் தூவியிருக்கிறீர்கள். ராயபுரம் பக்கம் போனால் சரக்குக் கப்பலின் பக்கவாட்டைப் பாருங்கள். முக்கால்வாசி வெறும் தகடு. தளத்தின் மேல் அடுக்கிய கன்டெய்னர்கள், நங்கூரம் இறங்கும் ஓட்டை, பின்பக்கத்து மாடிக்கட்டு, இங்கேதான் கசகசவென்று வேலை இருக்கும். வெறுமையான தகடு இருப்பதால்தான் அந்தக் கசகசப்பு சின்னதாகவும் கப்பல் பெரிதாகவும் தெரிகிறது. அமெரிக்க ஓவியர் ஜான் பெர்க்கியின் விண்கலங்களைக் கிட்டப்போய்ப் பார்த்தால் பல இடங்களில் வெறும் தூரிகை வீச்சுதான் இருக்கும். நாலடி தள்ளி நின்றால் அதுவே குழாயாகவும் ஜன்னலாகவும் மாறும்.

கப்பலில் இருந்து ஒன்றை மட்டும் எடுக்காதீர்கள்: நங்கூர ஓட்டைக்குக் கீழே வழியும் துரு. அது தண்ணீரும் காற்றும் புவியீர்ப்பும் சேர்ந்து செய்கிற வேலை. விண்வெளியிலேயே கிடக்கும் கலத்தில் எதுவும் ‘கீழே’ வழியாது. பழையது என்று காட்ட வேண்டுமானால் நெருப்பு வெளிவரும் எரிமுனைகளைச் சுற்றிக் கரி, ஒரு பக்கம் மட்டும் வெயிலில் நிறம் மாறிய பெயின்ட், பழுது பார்த்து ஒட்டிய வேறு நிறத் தகடு என்று போடுங்கள்.

விண்வெளி என்றால் நட்சத்திரம் போட்டே ஆக வேண்டுமா?
— பள்ளி மாணவி, திருவொற்றியூர்

கட்டாயம் இல்லை பாப்பா. நிலாவில் அப்போலோ வீரர்கள் எடுத்த படங்களில் வானம் சுத்தமான கறுப்பு. வெயில் பட்டுப் பளீரென்று இருக்கும் தரைக்கு ஏற்றபடி கேமராவை வைத்தால் மங்கலான நட்சத்திரங்கள் பதியாது. கலத்தின் மேல் வெயில் அடிப்பதாக வரைந்தால் நீயும் விட்டுவிடலாம். வேண்டும் என்று ஆசைப்பட்டால் பழைய டூத் பிரஷ்ஷில் வெள்ளை போஸ்டர் கலரைத் தொட்டு, விரலால் தெறிக்கவிடு. கலத்தின் மேல் காகிதத்தை வெட்டி மூடிவிட்டுத் தெறி. அம்மாவின் சேலை பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தால் வேறு இடம் பார்.

பழைய ஆங்கில அறிவியல் கதைப் பத்திரிகைகளின் அட்டைகளை இன்றும் தேடித்தேடி வாங்குகிறார்கள். அவற்றில் அறிவியலே தப்பு. அப்படியென்ன இருக்கிறது அவற்றில்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், பெரம்பூர்

ஐயா, தப்பு என்று நீங்கள் சொல்வது உண்மைதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1926 ஏப்ரலில் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ முதல் இதழ் வந்தது. அட்டை வரைந்தவர் ஃபிராங்க் ஆர். பால். மஞ்சள் வானம், அதில் வளையத்தோடு ஒரு ராட்சதச் சனிக்கிரகம், கீழே பனியில் சறுக்கி விளையாடும் மனிதர்கள், பனிக்குன்றின் உச்சியில் மாட்டிக்கொண்டு நிற்கும் பாய்மரக் கப்பல்கள். விஞ்ஞானியிடம் காட்டினால் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் அதைக் கடையில் தொங்கவிட்டுப் பாருங்கள். நூறு பத்திரிகைகளுக்கு நடுவே, தெருவின் அந்தப் பக்கத்தில் இருந்தே கையைப் பிடித்து இழுக்கும்.

இது எனக்குப் புரிவதற்குக் காரணம், நான் தூரிகை பிடிக்கப் பழகிய இடம் அப்படி. சின்ன வயதில் வண்ணாரப்பேட்டையில் சினிமா பேனர் வரைபவர்களிடம் எடுபிடியாக இருந்தேன். தண்டையார்பேட்டை அகஸ்தியாவுக்கும் வண்ணாரப்பேட்டை மகாராணிக்கும் பேனர் போகும். கதாநாயகன் கன்னத்து நிழலில் பச்சையையும் நீலத்தையும் அப்படியே அள்ளி வைப்பார்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் மனிதனுக்கு ஏதோ வியாதி என்று தோன்றும். சாலைக்கு அந்தப் பக்கம் நின்றால் முகம் வெளியே வந்து நிற்கும். யார், எவ்வளவு தூரத்தில், எத்தனை நொடி பார்ப்பார்கள் என்பதுதான் நிறத்தைத் தீர்மானித்தது. ஃபிராங்க் பாலின் சிவப்பும் மஞ்சளும் இந்த ஜாதிதான். பேனரை ஃப்ளெக்ஸ் வந்து தின்றுவிட்டது. அது தனிக் கதை, இன்னொரு நாள் திட்டிக்கொள்கிறேன்.

எல்லோரும் தப்பாக வரைந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. செஸ்லி போன்ஸ்டெல் என்று ஒருவர். கட்டடக்கலை படித்தவர், கோல்டன் கேட் பாலம் கட்டும்போது அதற்கு ஓவியங்கள் வரைந்தவர், ஹாலிவுட்டில் பின்னணிக் காட்சிகள் தீட்டியவர். 1944-ல் ‘லைஃப்’ பத்திரிகையில் சனிக்கிரகத்தை அதன் நிலவுகள் சிலவற்றில் நின்று பார்த்தால் எப்படித் தெரியும் என்று வரைந்தார். தூரம், கோணம், கிரகத்தின் அளவு எல்லாம் கணக்குப் போட்டு. டைட்டன் நிலவில் இருந்து பார்க்கும் படம்தான் ரொம்பப் பிரபலம்: நீல வானம், பாறை, பனி, நடுவே பிறைபோல் சனி. புகைப்படக்காரர் ஒருவர் அங்கே போய்விட்டு வந்த மாதிரி இருக்கும்.

அதுவும் தப்பாகிப்போனது. 2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் என்ற ஆளில்லாக் கலம் டைட்டனில் இறங்கியபோது அங்கே நீல வானமும் இல்லை, சனியும் இல்லை. கண்ணை மறைக்கும் ஆரஞ்சுப் புகைமூட்டம். நிலாவின் மலைகளையும் போன்ஸ்டெல் கத்திமுனையாக வரைந்திருந்தார். அப்போலோ போய்ப் பார்த்தால், கோடிக்கணக்கான வருடம் நுண்கற்கள் மோதி மோதி எல்லாம் மழுங்கிக் கிடந்தன. ஆனால் அவருடைய படங்களைப் பார்த்துத்தான் ராக்கெட் வேலைக்குப் போக ஆசைப்பட்டோம் என்று சொன்னவர்கள் உண்டு. 1952 முதல் 54 வரை ‘காலியர்ஸ்’ பத்திரிகையில் ராக்கெட் பொறியாளர் வெர்னர் ஃபான் பிரவுன் விண்வெளிப் பயணத் திட்டங்களை விளக்கியபோது, அவற்றுக்குப் படம் போட்டவர்களில் இவரும் ஒருவர்.

எழுபதுகளில் பிரிட்டனில் கிறிஸ் ஃபாஸ் என்ற புத்தக அட்டை ஓவியர் வருகிறார். அவர் கருவி ஏர்பிரஷ், காற்றழுத்தத்தால் பெயின்ட்டைத் தெளிப்பது. கதைக்கும் அட்டைக்கும் பல நேரம் சம்பந்தமே இருக்காது. ஆனால் அவருடைய கலங்களில் மஞ்சள்-கறுப்புப் பட்டை, சதுரங்கக் கட்டம், பெரிய எண்கள் எல்லாம் இருக்கும். அதுவரை விண்கலம் என்றால் பளபளவென்று மெருகேற்றிய வெள்ளித் தோட்டா. ஃபாஸ் அதைச் சரக்கு ஏற்றும் வண்டியாக்கினார். அந்தப் பட்டையும் கட்டமும் சும்மா அலங்காரம் இல்லை ஐயா. சோதனை ராக்கெட்டுகளில் கறுப்பு-வெள்ளைக் கட்டம் அடிப்பது, அது தன்னைத்தானே சுற்றுகிறதா என்று கீழே இருந்து கேமராவில் அளப்பதற்கு. எண்ணூர்ப் பக்கத்துப் புகைபோக்கிகளில் சிவப்பு-வெள்ளை வளையம் இருப்பது விமானத்துக்காக. வேலை செய்யும் எந்திரத்தின் மேல் இருக்கும் பெயின்ட்டுக்கும் ஒரு வேலை இருக்கும். ஃபாஸின் படத்தைப் பார்க்கிறவருக்கு இதெல்லாம் தெரியாவிட்டாலும், ‘இது யாரோ தினமும் ஓட்டுகிற வண்டி’ என்று தோன்றிவிடுகிறது.

என் கணக்கில் இந்த மூவருக்கும் பொது இதுதான். கலத்தை மட்டும் வரையவில்லை, அது நிற்கிற இடத்தையும் அங்கே ஆள் இருப்பதையும் வரைந்தார்கள். அறிவியல் பழசாகிவிட்டது, ஆனால் அந்த இடத்துக்குப் போக வேண்டும் என்ற ஆசை பழசாகவில்லை.

ஏர்பிரஷ் வாங்கலாமா?
— வாசகர், கொருக்குப்பேட்டை

இப்போது வேண்டாம். கம்ப்ரஸர் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார், ஒவ்வொரு நிறத்துக்கும் கழுவ வேண்டும், முகமூடி இல்லாமல் அடித்தால் நுரையீரலுக்குக் கேடு. அகலமான தட்டைப் பிரஷ் ஒன்று வாங்கி, ஈரம் காய்வதற்குள் இரண்டு நிறத்தைக் கலந்து இழைக்கப் பழகுங்கள். நம் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம், அக்ரிலிக் மெதுவாகத்தான் காயும். அது உங்களுக்கு லாபம்.

என் கலத்துக்கு இறக்கை வைத்திருக்கிறேன். விண்வெளியில் காற்றே இல்லையே, இறக்கை எதற்கு என்று தம்பி கேலி செய்கிறான்.
— வாசகி, வியாசர்பாடி

தம்பி சொல்வது சரி. ஐம்பதுகளின் அட்டைகளில் வரும் சுருட்டு வடிவமும் நாலு துடுப்பும் ஜெர்மனியின் வி-2 ராக்கெட்டில் இருந்து வந்தவை. சுமார் 14 மீட்டர் உயரம். காற்றுக்குள் நேராகப் போக அதற்குத் துடுப்பு தேவைப்பட்டது. ஆனால் நீங்கள் இறக்கையை அழிக்க வேண்டாம், வேலையை மட்டும் மாற்றிவிடுங்கள். விண்வெளியில் எந்திரச் சூட்டைக் காற்று கொண்டுபோகாது. கதிர்வீச்சாகத்தான் வெளியேற்ற வேண்டும். அதற்கு அகலமான தட்டுகள் தேவை. சர்வதேச விண்வெளி நிலையத்திலும் வெள்ளை வெள்ளையாகத் தனித் தட்டுகள் இருக்கின்றன. உங்கள் இறக்கையில் மெல்லிய குழாய்க் கோடுகள் இழுத்து வெள்ளை அடித்துவிட்டு, தம்பியிடம் ‘ரேடியேட்டர்’ என்று சொல்லுங்கள்.

ராக்கெட் நெருப்புக்கு ஆரஞ்சு மட்டும்தானா?
— மீன்பிடித் தொழிலாளி, எண்ணூர்

அண்ணே, ஸ்ரீஹரிகோட்டாவில் விட்டால் உங்கள் கரையில் இருந்தே தெரியுமே! 2023 ஜூலை 14 மதியம் சந்திரயான்-3 போனபோது பார்த்திருப்பீர்கள். முதலில் எரிவது பக்கவாட்டில் இருக்கும் இரண்டு திட எரிபொருள் தூண்கள். அதில் அலுமினியத் தூள் கலந்திருப்பதால் கண் கூசும் வெளிச்சம், பின்னால் கெட்டியான வெள்ளைப் புகை. மண்ணெண்ணெய் எரிக்கும் ராக்கெட் என்றால் கரித்துகள் ஒளிர்வதால் மஞ்சளும் ஆரஞ்சும். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்றால் சுவாலை கண்ணுக்கே சரியாகத் தெரியாது, வெளிறிய நீலம்.

வடிவம் இன்னும் முக்கியம். தரைக்குப் பக்கத்தில் காற்று அழுத்துவதால் சுவாலை ஒல்லியாக இருக்கும். மேலே போகப்போக விரியும். வெற்றிடத்தில் எரிமுனையைத் தாண்டியதுமே நாலா பக்கமும் மெல்லிசாகப் பரந்துவிடும், புகை சுருள்வதெல்லாம் கிடையாது. பழைய அட்டைகளில் பெரும்பாலும் நீளமான வால்தான். அழகுக்கு வால், உண்மைக்கு விசிறி. நான் அட்டைக்கு வரைந்தால் வால்தான் போடுவேன், பதிப்பாளர் காசு கொடுக்க வேண்டுமே.

தமிழ் வார இதழ்களில் ஏன் விண்கல அட்டைகளே வரவில்லை?
— நூலகர், தண்டையார்பேட்டை

அட்டையில் முகம் இருந்தால்தான் விற்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். நம் ஓவியர்களும் முகத்தில் மன்னர்கள். சுஜாதா எழுதிய அறிவியல் கதைகளுக்குக்கூட வாசகர் எதிர்பார்த்தது பெண்ணின் கண்ணையும் கூந்தலையும்தான், எந்திரம் ஓரமாக நிற்கும். தொடர்கதைக்கு வாராவாரம் படம் தர வேண்டிய அவசரம் வேறு. ஒரு போன்ஸ்டெல் மாதிரி கோணம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் இதழ் அச்சுக்குப் போயிருக்காது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஐ.சி.எஃப். ரயில் பெட்டிகளையும் துறைமுகக் கிரேன்களையும் தினமும் பார்த்து வளர்ந்த பையன்கள் எந்திரம் வரைய ஆளில்லாமல் காலண்டர் சாமி படத்துக்குப் போனார்கள்.

கலத்தின் மேல் பெயர் எழுதலாமா? தமிழில் எழுதினால் சிரிப்பார்களா?
— வாசகர், காசிமேடு

உங்கள் துறைமுகத்தில் எந்தப் படகாவது பெயர் இல்லாமல் நிற்கிறதா? முகப்பில் அம்மன் பெயர், அந்தோணியார் பெயர், மகள் பெயர், அதோடு பதிவெண். அதையே செய்யுங்கள். யார் சிரித்தாலும் சிரிக்கட்டும். தொழில்நுட்பமாக ஒன்று மட்டும்: கலம் உருண்டையாக இருந்தால் எழுத்தும் வளைந்து, தள்ளிப்போகும் பக்கம் நெருங்கிச் சுருங்க வேண்டும். நேராக எழுதினால் ஸ்டிக்கர் ஒட்டியது மாதிரி இருக்கும். முதலில் கலத்தின் மேல் பென்சிலால் வளைகோடுகள் போட்டுக்கொண்டு, அதன் மேல் எழுதுங்கள். நிழல் பக்கத்தில் எழுத்தின் வெள்ளையையும் கொஞ்சம் சாம்பலாக்குங்கள். ‘ழ’வின் வாலில்தான் கை தடுமாறும், அதைக் கடைசியாக எழுதுங்கள்.

(படம் அனுப்புகிறவர்கள் அசலை அனுப்ப வேண்டாம். செல்போனில் எடுத்த போட்டோ போதும். நேர் வெயிலில் வைத்து எடுக்காதீர்கள், பெயின்ட் பளபளத்து ஒன்றுமே தெரிவதில்லை. அடுத்த இதழில் ரயில் எஞ்சின் வரைவது பற்றி.)