எண்டோஸ்கோபி: வாசகர்களின் ஐயங்கள்

அப்பா இரவு 11 மணிக்கு ரத்த வாந்தி எடுத்தார். குளுக்கோஸும் ரத்தமும் ஏற்றிவிட்டு, எண்டோஸ்கோபியை மறுநாள் காலையில்தான் செய்தார்கள். இது அலட்சியம் இல்லையா?
– வாசகர், பெரம்பூர்

அலட்சியம் என்று சொல்ல மாட்டேன். ஹாங்காங்கில் நடந்து 2020-இல் வெளியான ஓர் ஆய்வு இதே கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. ஆபத்து அதிகம் எனக் கணிக்கப்பட்ட 516 பேரில் ஒரு பிரிவினருக்கு, செரிமான மருத்துவரைக் கலந்தாலோசித்த 6 மணி நேரத்துக்குள்ளும், மற்றவர்களுக்கு 6 முதல் 24 மணி நேரத்துக்குள்ளும் எண்டோஸ்கோபி செய்தார்கள். 30 நாட்களில் இறந்தவர்கள் முதல் பிரிவில் 8.9%, இரண்டாம் பிரிவில் 6.6%. இவ்வளவு சிறிய வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடும் என்பதால், தாமதமே நல்லது என்று முடிவுகட்டக் கூடாது; அவசரப்பட்டதால் பலன் கூடவில்லை என்பதுதான் செய்தி. காத்திருந்தவர்களுக்கு அதற்குள் அமிலத்தை அடக்கும் மருந்து ஏறியிருந்தது. குழாயை இறக்கிப் பார்த்தபோது ரத்தம் கசியும் புண்கள் அவர்களிடம் குறைவாகவே இருந்தன. ஆனால், முதலுதவிக்குப் பிறகும் ரத்த அழுத்தம் நிலைகொள்ளாதவர்களை இந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. அப்படிப்பட்டவரை விடியும்வரை படுக்கையில் வைத்திருப்பதற்கு இந்த ஆய்வைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

கொலோனோஸ்கோபி (பெருங்குடலைக் குழாய் செலுத்திப் பார்க்கும் பரிசோதனை) செய்தாலும் குடல் புற்றுநோய் 18% தான் குறைகிறதாமே? பிறகு எதற்கு இந்தச் சிரமம்?
– வாசகி, திருவான்மியூர்

நீங்கள் படித்தது 2022-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வாக இருக்க வேண்டும். அந்த 18% பரிசோதனை செய்துகொண்டவர்களைப் பற்றிய கணக்கு அல்ல, அழைப்புக் கடிதம் பெற்றவர்களைப் பற்றியது. அவர்களில் 42% பேர்தான் வந்தார்கள். வராதவர்களையும் சேர்த்துக் கணக்கிடுவது ஆய்வு முறைப்படி சரியே. எல்லோரும் வந்திருந்தால் எவ்வளவு குறைந்திருக்கும் என்று மதிப்பிட்டபோது கிடைத்த எண் சுமார் 31%. 10 ஆண்டுகளில் இறப்பு தெளிவாகக் குறைந்ததாக அந்த ஆய்வு காட்டவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மலத்தில் ரத்தம் போகிறவர்களுக்கு இந்த எண்கள் எதுவும் பொருந்தாது, ஏனெனில் அது அறிகுறியே இல்லாதவர்களிடம் செய்த ஆய்வு.

கொலோனோஸ்கோபிக்கு முன் பேதி மருந்தை இரவில் பாதி, அதிகாலையில் பாதி குடிக்கச் சொல்வது ஏன்?
– வாசகர், தண்டையார்பேட்டை

முழுவதையும் முந்தைய இரவே குடித்துவிட்டால், காலைக்குள் சிறுகுடலிலிருந்து இறங்கும் பித்தநீர் பெருங்குடலின் வலப்பக்கச் சுவரில் பசைபோலப் படிந்துவிடும். தட்டையான பாலிப் (குடல் சுவரில் வளரும் சிறு சதை வளர்ச்சி) அதன் அடியில் ஒளிந்துகொள்ளும். பரிசோதனைக்கு முந்தைய நாள் இளநீரும் வடிகட்டிய தெளிவான ரசமும் குடிக்கலாம், மோர் வேண்டாம்.